மறைந்த தொழிற்சாலைகளும் மறையாத உதிரிபாகங்களும்

மோட்டார் வண்டி ஒன்றை வாங்கியவர் அதன் உதிரிபாகங்களுக்கு அதைச் செய்த கம்பெனியையே நாடுவது உலக வழக்கம். அந்தக் கம்பெனி மூடப்பட்டு, அதன் பெயரைக்கூட வேற்று நாட்டார் விலைகொடுத்து வாங்கிக்கொண்டு போன பின்பும், அது செய்த வண்டிகள் மட்டும் அறுபது எழுபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்குமானால், அவற்றுக்கு வேண்டிய பிரேக் சிலிண்டரையும் ரப்பர் புஷ்ஷையும் யார் செய்வது, செய்து தருபவருடைய சொல்லை எதனைக் கொண்டு நம்புவது என்ற வினா எழுவது இயல்பே. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் பிறந்த எம்.ஜி., டிரையம்ப், மோரிஸ், ஆஸ்டின், ஜாகுவார் முதலிய வண்டிகளை வைத்திருப்போர் யாவரும் என்றேனும் ஒருநாள் இந்த வினாவை எதிர்கொண்டவர்களே. நம்பத்தக்க கடை எது என்றுதான் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். விஷயத்தைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் அந்தக் கேள்வியே திருத்தம் வேண்டி நிற்பது புலப்படும். ஏனெனில் ஒரே கடையிலிருந்து ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாகங்களில் ஒன்று இருபது ஆண்டு உழைப்பதும், மற்றொன்று இருநூறு மைலுக்குள் உயிரை விடுவதும் இத்துறையில் சர்வ சாதாரணம். கடையைப் பற்றி விசாரிக்குமுன் பாகத்தின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும், அந்தப் பூர்வீகத்தை ஒளிக்காமல் சொல்பவரே நல்ல வியாபாரி என்பது என் அபிப்பிராயம்.

இந்த நிலைமை ஒரு நாளில் உண்டானதன்று. ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. ஏற்கெனவே டிரையம்பையும் ரோவரையும் விழுங்கியிருந்த லேலண்டு கம்பெனியோடு 1968இல் அதுவும் கலந்து பிரிட்டிஷ் லேலண்டு என்னும் பெருஞ்ஸ்தாபனம் தோன்றிற்று. ஏழே ஆண்டுகளில் அது நிலைகுலைந்து 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. எம்.ஜி. வண்டிகளின் தாயகமான ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. உதிரிபாக விநியோகத்தைக் கவனித்துவந்த யூனிபார்ட் என்ற பிரிவு 1987இல் தனி ஸ்தாபனமாகப் பிரிந்து சென்றது. எஞ்சியிருந்த எம்.ஜி. ரோவரும் 2005இல் வீழ்ந்தது. இன்று எம்.ஜி. என்ற பெயர் சீனர்களிடமும், டிரையம்ப் கார்களின் பெயர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியிடமும், ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் நம் நாட்டு டாட்டாவிடமும் இருக்கின்றன. இவ்வாறு குடும்பம் சிதறிய வேளையில், பெட்டி பெட்டியாகக் கிடந்த பாகங்களையும், கட்டுக்கட்டாகக் கிடந்த வரைபடங்களையும், பல டன் எடையுள்ள தகட்டு அச்சுகளையும் யார் எடுத்துச் சென்றார்கள் என்பதில்தான் பிற்கால வண்டிக்காரர்களின் விதி அடங்கியிருந்தது.

சில வண்டிகளுக்கு அந்த விதி நல்லதாகவே அமைந்தது. பிரிட்டிஷ் லேலண்டின் ஒரு கிளையாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் தனி ஸ்தாபனமாகிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ், எம்.ஜி.பி. வண்டியின் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, ஆபிங்டன் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் கழிந்த பின்பு, 1988இல் அந்த வண்டியின் முழு உடற்கூட்டையே மறுபடியும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்து உதிர்ந்த வண்டியின் யந்திரத்தையும் சக்கரங்களையும் கழற்றிப் புதுக்கூட்டில் பொருத்திக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது, எம்.ஜி. மிட்ஜெட், டிரையம்ப் டி.ஆர்.6, மினி ஆகியவற்றுக்கும் பின்னர் இவ்வாறே கூடுகள் வந்தன. ஆல்விஸ் கம்பெனி 1967இல் கார் செய்வதை நிறுத்தியபோது அதன் உதிரிபாகங்களும் வரைபடங்களும் வண்டி வாரியான பதிவேடுகளும் கெனில்வர்த் நகரின் ரெட் டிரையாங்கிள் என்ற ஸ்தாபனத்துக்குச் சிதறாமல் போய்ச் சேர்ந்தன. ஆதலால் எண்ணிக்கையில் மிகச் சிறிதான ஆல்விஸ் குலத்துக்கு, அதைப் போலப் பன்மடங்கு விற்ற வண்டிகளுக்குக் கிட்டாத பாதுகாப்புக் கிட்டியது. பிராட்ஃபோர்டில் செய்யப்பட்ட ஜோவெட் வண்டியின் கதை இன்னும் சுவையானது. கம்பெனி 1950களின் நடுவிலேயே மறைந்துவிட்ட போதிலும், 1923இல் தோன்றிய ஜோவெட் மன்றம் மறையவில்லை. அம்மன்றத்தைச் சார்ந்தவர்கள் தமக்கென்று ஓர் உதிரிபாகக் கம்பெனியை நடத்தித் தமக்கு வேண்டியதைத் தாமே செய்வித்துக்கொள்கிறார்கள்.

வண்டி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்குப் பாகம் கிடைப்பது அரிது என்று வெளியார் எண்ணுவர். அனுபவம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. 1922இல் பிறந்த ஆஸ்டின் செவனுக்கு யந்திரத்தின் உள்ளுறுப்புகள் முதல் சக்கரம் வரை இன்றும் புதிதாக வாங்கலாம். அரை மில்லியனுக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி.க்கு எது கிடைக்காது என்று தேடுவதே ஒரு வேலை. ஆனால் 1973இல் வெளிவந்த ஆஸ்டின் அலெக்ரோவுக்கோ 1971இல் வெளிவந்த மோரிஸ் மரீனாவுக்கோ ஒரு கதவின் உள்பட்டையோ, பின்விளக்கின் கண்ணாடியோ, முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பரோ உடைந்துபோனால் வண்டிக்காரர் மாதக்கணக்கில் அலைய நேரும். அவை லட்சக்கணக்கில் விற்றவைதாம். ஆயினும் அவற்றின்மீது ஒருவரும் காதல் கொள்ளவில்லை. கூட்டம் கூட்டமாக உடைப்பு வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்த பின், எஞ்சிய சிலவற்றுக்காக ஒரு புது அச்சைச் செதுக்கிப் பணத்தை முடக்க எந்த வியாபாரி துணிவான்? உதிரிபாகம் கிடைப்பதும் கிடைக்காததும் வண்டியின் வயதைவிட, அதைக் கைவிட மனமில்லாதவர்களின் தொகையையே சார்ந்திருக்கிறது. மரீனாவின் யந்திரத்தையும் பிரேக்கையும் பற்றிக் கவலையில்லை, அவை பிற வண்டிகளோடு பொதுவானவை. தையலும் அலங்காரமும் கண்ணாடியுமே அதன் துயரம்.

அந்த மரீனா வேறொரு வகையில் இத்துறைக்குப் பெரும் உபகாரம் செய்திருக்கிறது. அதன் புகைக்குழாயை ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கம்பெனி நகல் செய்து விற்றபோது, குழாயின் வரைபடத்தில் தனக்குக் காப்புரிமை உண்டு, ஆகவே அதன் வடிவில் குழாய் செய்பவர்கள் தனக்கு உரிமைப்பணம் செலுத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் லேலண்டு வழக்குத் தொடுத்தது. வழக்கு, அன்று மேன்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரபுக்கள் சபை வரை சென்றது. வண்டியை விற்றவர், வாங்கியவர் அதைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமையைக் கெடுக்கலாகாது என்ற தத்துவத்தின்மேல், 1986இல் சபை நகல் செய்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பழைய வண்டிகளுக்காகச் சிறு சிறு ஸ்தாபனங்கள் அஞ்சாமல் பாகங்களைச் செய்து விற்பதற்குப் பக்கபலமாக நின்ற தீர்ப்புகளில் இது முக்கியமானது. ஆனால் எவரும் செய்யலாம் என்ற சுதந்திரத்தில் எப்படியும் செய்யலாம் என்ற அலட்சியமும் கூடவே நுழைந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்று கடையில் கிடைக்கும் ஒரு பாகத்துக்குப் பலவகைப் பூர்வீகம் இருக்கலாம். தொழிற்சாலை இயங்கிய நாளிலேயே செய்யப்பட்டு, எங்கோ ஒரு விற்பனை நிலையத்தின் பரணில் உறங்கி, ஸ்டான்பார்ட் என்றோ யூனிபார்ட் என்றோ அச்சிட்ட பழுப்பேறிய பெட்டியோடு வெளிவந்த அசல் பழைய சரக்கு ஒருவகை. பழைய அச்சிலும் பழைய வரைபடத்திலும் இன்று செய்யப்படுவது இன்னொரு வகை. ஒரு நல்ல மாதிரியை அளந்து பார்த்து அதன்படி புதிதாகச் செய்தது பிறிதொன்று. இவற்றுக்கெல்லாம் கடைசியில், நகலைப் பார்த்து நகல், அந்த நகலைப் பார்த்து மறுநகல் என்று இறங்கிப்போன சரக்கும் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு நூலளவு பிசகிக் கடைசியில் திருகும் துளையும் சந்திக்காமற் போவது இதனால்தான். பெட்டியின் மேலுள்ள பெயரைக் கொண்டு இந்த வகைகளைப் பகுத்தறிய முடியாது. லூகாஸ் போன்ற பழம்பெயர்கள் இன்று உரிமம் பெற்றவர்களால் அச்சிடப்படுகின்றன. பெயர் பிர்மிங்ஹாமைச் சொன்னாலும் பொருள் வேறெங்கோ பிறந்திருக்கலாம். இப்படிச் சொல்வதனால் வேற்று நாட்டில் செய்தது தாழ்வு என்று கொள்ள வேண்டாம். தைவானிலும் இந்தியாவிலும் சரியான வரைபடத்தைக் கொடுத்து, வந்த சரக்கைச் சோதித்து வாங்குபவருக்கு முதல்தரமான பொருளே கிடைக்கிறது. இன்னும் ஐந்து பென்ஸ் குறைத்துத் தா என்று நெருக்குபவருக்கு அந்த ஐந்து பென்ஸுக்கு உரிய தாழ்வோடுதான் கிடைக்கிறது. குற்றம் எந்த நாட்டுடையது என்று ஆராய்வது வீண். வாங்குபவருடைய பேரத்தில் அது பெரும்பாலும் பிறக்கிறது.

மின்பொறிப் பாகங்களில் ஓர் உதாரணத்தைச் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதன் தலையில் ஒரு பித்தளைப் பட்டை. ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் அந்தப் பட்டையின் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. மலிவான நகல்களில் பட்டையைப் பிடித்து நிறுத்தும் ஆணி, கீழே உள்ள சுழல்தண்டுக்கு மிக அருகில் இறங்கியிருக்கும்; பிளாஸ்டிக்கிலும் கரிப்பொடி அளவுக்கு மீறிக் கலந்திருக்கும். யந்திரம் சூடேறிய பின், மின்சாரம் தனக்கு விதித்த பாதையை விட்டு ஆணி வழியாகத் தண்டில் இறங்கிப் பூமியைச் சேர்ந்துவிடும். வண்டி எவ்வித முன்னறிவிப்பும் இன்றி நடுச்சாலையில் நின்றுவிடும். பார்வைக்கு அந்த ரோட்டாரில் ஒரு கீறலும் தெரியாது. ஆகவே வண்டிக்காரர் பெட்ரோல் பம்பைச் சந்தேகிப்பார், காயிலை மாற்றுவார், கார்புரேட்டரைப் பிரிப்பார். சில பவுன் பெறாத ரோட்டாரின்மேல் மட்டும் அவருடைய சந்தேகம் போகாது, அதுதான் புதிதாயிற்றே! இந்த நோய் பரவலானபோது, டிஸ்ட்ரிபியூட்டர்களை மட்டுமே செப்பனிடும் நிபுணர் சிலர், ஆணியே இல்லாமல் சிவப்பு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்த ரோட்டாரைச் செய்வித்து விற்றனர். அனுபவஸ்தர்கள் இன்று அதனையே தேடி வாங்குகிறார்கள். கண்டென்சருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆதலால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லூகாஸ் பாகத்தை, புதியது இருக்கிறதே என்று கழற்றி எறிவதைப் போன்ற அவிவேகம் வேறில்லை.

ரப்பரின் விஷயம் இதனினும் கடினம். உலோகத்தை அளக்கலாம், நிறுக்கலாம், கடினத்தைச் சோதிக்கலாம். ரப்பரின் குணம் அதன் கலவையில் மறைந்திருக்கிறது. சஸ்பென்ஷன் புஷ்ஷும் பிரேக் சிலிண்டரின் வளையமும் ஸ்டியரிங் உறையும், கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்துகொண்டே, ஒன்று பத்தாண்டு தாங்கும், மற்றொன்று ஓராண்டுக்குள் வெடிக்கும். இங்கே பழைய அசல் சரக்கும் கைகொடுக்காது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பல்சக்கரத்தையோ சுழல்தண்டையோ பொறுத்தமட்டில் ஐம்பது ஆண்டு எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கிடந்த அசலுக்கு ஈடில்லை. ரப்பரோ உபயோகிக்கப்படாமலே மூப்படைகிறது. பழைய பெட்டியின் அழகைக் கண்டு மயங்கி ஐம்பது வயதுப் பிரேக் குழாயை வாங்கிப் பூட்டுபவர், பெட்டிக்குத்தான் விலை கொடுக்கிறார். போதாக்குறைக்கு, பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகிறது; பழங்காலக் கலவையாலான ரப்பர்க் குழாய்களையும் பம்பின் திரைகளையும் அது அரித்துவிடுகிறது. ஆகவே பெட்ரோல் குழாய் வாங்கும்போது அது எந்தத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டது என்பது குழாயின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் இம்மூன்றிலும் மலிவை நாடுவது, பணத்தை மிச்சப்படுத்தி உயிரைச் செலவிடுவதாகும்.

பூர்வீகத்தைப் பற்றி ஐயமே வேண்டாத பாகங்களும் உண்டு. எஸ்.யூ. கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் குடும்பத்தார் கண்ட இந்தக் கருவி, எம்.ஜி.யிலும் மோரிஸிலும் ஜாகுவாரிலும் ஏறக்குறைய இங்கிலாந்து முழுவதிலும் மூச்சுக்குழாயாக இருந்தது. அதன் பெயரும் வரைபடங்களும் 1996இல் சாலிஸ்பரி நகரத்துப் பர்லன் ஸ்தாபனத்தின் வசமாயின. அங்கே இன்றும் முழுக் கார்புரேட்டரே புதிதாகச் செய்யப்படுகிறது. ஜெனித், அமால் ஆகியவையும் அதே கூரையின்கீழ் வந்து சேர்ந்திருக்கின்றன. ஸ்மித்ஸ் என்று முகப்பில் பொறித்த வேகமானிகளையும் வெப்பமானிகளையும் வேல்ஸ் நாட்டின் கேர்பாண்ட் ஸ்தாபனம் செய்துவருகிறது. ஜாகுவாரின் உடற்தகடுகளுக்கு, அந்தக் கம்பெனியின் பழைய அச்சுகள் பலவற்றைத் தன்னிடம் வைத்திருக்கும் நனீட்டன் நகரத்து மார்ட்டின் ரோபி பெயர்பெற்றது. அச்சோ வரைபடமோ யாரிடம் இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு புறப்படுபவருக்கு, பாதி வழி தானே திறந்துவிடும்.

இனி, கடைகளுக்கு வருவோம். இத்துறையின் பெருவியாபாரிகள் ஒவ்வொருவரும் ஒரு குலத்து வண்டியைப் பற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1948இல் ஆல் மாஸ் என்பவர் எம்.ஜி. வண்டிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிய சிறு பட்டறை, மாஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் கடல் கடந்து இங்கிலாந்திலும் கிளைத்தது. பிரிட்டிஷ் வண்டிகளின் உதிரிபாகத்தை ஓர் அமெரிக்கர் காப்பாற்றினார் என்பது விசித்திரமே ஆயினும், யுத்தத்துக்குப் பின் டாலருக்காக இங்கிலாந்து தன் விளையாட்டு வண்டிகளில் பெரும்பங்கை அமெரிக்காவுக்கே அனுப்பியது என்பதை நினைத்தால் வியப்பு அடங்கும். லிங்கன் நகரத்து ரிம்மர் சகோதரர்கள் டிரையம்புக்கும், பிரிட்ஜ்நார்த் நகரத்து எஸ்.என்.ஜி. பாரட் ஜாகுவாருக்கும் பேர்போனவர்கள். இத்தகைய பெருங்கடைகளின் பயன், ஒரே முறையில் நூறு பாகங்களை வாங்கலாம் என்பது மட்டுமன்று. யந்திரத்தைக் கழற்றிப் பிரித்து வைத்தாற்போல் படம் வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் இட்ட அவர்களுடைய பட்டியல்களே ஒரு கல்வி. ஆயினும் பதினாயிரக்கணக்கான பொருள்களை விற்பவருக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்கு, கியர்பெட்டி மட்டும், டைனமோ மட்டும், பிரேக் மட்டும் என்று ஒன்றையே தொழிலாகக் கொண்ட சிறு பட்டறைக்காரர்களையே நாட வேண்டும். பெரிய கடையில் வாங்குவது வசதி. சிறிய பட்டறையில் வாங்குவது ஞானம். இரண்டும் வேண்டும்.

ஒரு வியாபாரியை எவ்வாறு அளப்பது? நான் கண்டவரை, அவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. இதை யார் செய்தார்கள் என்பதே. தெரியாது என்று நேராகச் சொல்பவரைக்கூட ஒருவகையில் நம்பலாம். எல்லாம் அசல்தான் என்று ஒரே மூச்சில் சொல்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். ஒரே பாகத்தை இரண்டு தரத்தில் இரண்டு விலையில் வைத்து, வேற்றுமை இன்னது என்று எழுதிவைப்பவர் நல்லவர். குறை சொல்லித் திரும்பி வந்த பாகத்தை, பணத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் அதே அலமாரியில் வைப்பவரும் உண்டு. அந்தச் சரக்கு முழுவதையும் விற்பனையிலிருந்து விலக்கிச் செய்தவரிடம் சண்டை பிடிப்பவரும் உண்டு. பின்னவர் இரண்டு பவுன் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம். தொலைபேசியை எடுப்பவர் அந்த வண்டியின் அடியில் என்றேனும் படுத்து எழுந்தவரா என்பது இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிடும். என்னிடம் இல்லை, இன்னாரிடம் கேளுங்கள் என்று போட்டிக் கடையின் பெயரைச் சொல்லும் வியாபாரியைக் கண்டால், அவருடைய பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளத் தகும்.

ஆனால் வாங்குபவரும் தம் பங்கைச் செய்தாக வேண்டும். தவறான பாகம் வந்தது என்று புலம்புவோரில் கணிசமானோர் தவறான கேள்வி கேட்டவர்களே. எம்.ஜி.பி. வண்டிக்கு ஒன்று வேண்டும் என்றால் போதாது. அந்த வண்டி 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. 1964 வரை வந்த யந்திரத்தில் சுழல்தண்டை மூன்று தாங்கிகளும் அதற்குப் பின் ஐந்து தாங்கிகளும் தாங்கின. 1967இல் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பாட்டரியின் பூமி இணைப்பும் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மாறிற்று. 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் பூட்டி வண்டியையே உயர்த்தினார்கள். கம்பிச் சக்கரத்துக்கும் தகட்டுச் சக்கரத்துக்கும் அச்சுமுனை வேறு. இந்த மாற்றங்கள் ஆண்டின் முதல் தேதியில் நிகழ்ந்தவையல்ல, இன்ன எண்ணுள்ள வண்டியிலிருந்து என்று தொழிற்சாலைப் பட்டியலில் குறிக்கப்பட்டவை. ஆகவே வண்டியின் எண்ணையும் யந்திரத்தின் எண்ணையும் எழுதிவைத்துக்கொண்டே கடைக்காரரோடு பேச வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு: ஐம்பது ஆண்டுகளில் மூன்று யந்திரமும் இரண்டு கியர்பெட்டியும் மாறிய வண்டிக்கு, எண் சொல்வது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கும். கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, இன்ன வண்டி இன்ன நாளில் இன்ன வர்ணத்தில் பிறந்தது என்று சான்றிதழ் தருகிறது. பிறந்த பிறகு அது பட்ட பாட்டை அறிய, கழற்றி அளப்பது தவிர வழியில்லை.

மரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோசப் விட்வர்த் 1841இல் வகுத்த ஐம்பத்தைந்து பாகைக் கோணமுள்ள மரையே ஒரு நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்தை ஆண்டது. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி அறுபது பாகைக் கோணமுள்ள பொதுமரையை ஏற்றுக்கொண்டன. 1950களில் வண்டிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. கால் அங்குலப் போல்ட்டில் பழைய பிரிட்டிஷ் நுண்மரை அங்குலத்துக்கு இருபத்தாறு சுற்று, புதிய பொதுநுண்மரை இருபத்தெட்டு. ஒன்றில் மற்றொன்றை நுழைத்தால் முதல் இரண்டு சுற்று இனிதாகப் போகும், அப்புறம் வார்ப்பையே நாசமாக்கும். இவற்றையெல்லாம் மிஞ்சியது மோரிஸ் கம்பெனியின் வினோதம். முதல் உலக யுத்தத்தின்போது கவென்ட்ரியில் யந்திரசாலை அமைத்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து அந்தச் சாலையை 1923இல் வில்லியம் மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த கருவிகள் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆங்கிலேய மெக்கானிக்கிடம் இருப்பதோ விட்வர்த் ஸ்பேனர். ஆகவே உடலில் மெட்ரிக் மரையும் தலையில் விட்வர்த் அளவும் கொண்ட போல்ட்டுகள் உண்டாக்கப்பட்டன! எம்.ஜி. டி.சி. முதலிய வண்டிகளின் யந்திரத்தில் இன்றும் அவையே இருக்கின்றன. அவற்றின் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரையிடைவெளி 1 மில்லிமீட்டர், இன்றைய சாதாரண எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கோ 1.25. இதை அறியாத வியாபாரியிடம் டி.சி.க்குப் போல்ட் வாங்குவது விபரீதம்.

இன்னொரு விதமான அறிவும் வாங்குபவருக்குப் பெரும் பணத்தை மிச்சப்படுத்தும். சிறு கம்பெனிகள் தாமே பாகங்களைச் செய்ய வசதியின்றிப் பெரிய கம்பெனிகளின் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டன. புகழ்பெற்ற லோட்டஸ் இலான் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தூண் டிரையம்பிலிருந்து வந்தது. லோட்டஸ் எஸ்பிரியின் கதவுப் பிடி நாம் முன்பு பரிதாபப்பட்ட மரீனாவினுடையது. லோட்டஸ் என்று சொல்லிக் கேட்டால் ஒரு விலை, டிரையம்ப் என்று சொல்லிக் கேட்டால் வேறு விலை. வியாபாரிகளைக் குறைகூறிப் பயனில்லை.

இந்த அறிவெல்லாம் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றால், மன்றங்களில். 1930இல் தோன்றிய எம்.ஜி. கார் மன்றமும், 1970இல் தோன்றிய டி.ஆர். ரிஜிஸ்டரும், 1973இல் தோன்றிய எம்.ஜி. உரிமையாளர் மன்றமும் வெறும் உல்லாசப் பிரயாணக் கூட்டங்களல்ல. எந்தக் கடையின் எந்தப் பாகம் எந்தப் பருவத்தில் கெட்டது என்ற செய்தி அங்கேதான் முதலில் பரவுகிறது. எவரும் செய்யாத ஒரு பாகம் வேண்டுமானால், வேண்டுவோர் தொகையை எண்ணி, முன்பணம் திரட்டி, ஒரு வார்ப்புப் பட்டறையிடம் ஒரே தடவையில் செய்வித்துப் பங்கிட்டுக்கொள்வதும் அவர்களே. அத்தகைய தவணைச் சரக்கு தீர்ந்துவிட்டால் மறுதவணைக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆதலால் இன்று வேண்டாமென்றாலும் வரும்போதே வாங்கிவைத்துக்கொள்வது பழைய வண்டிக்காரரின் தர்மம். மன்றத்துக்கு அடுத்தபடியாகச் சந்தை. ஹாம்ப்ஷையரில் போலியூ என்னும் ஊரில் 1967இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் பழம்பாகச் சந்தையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் துருவேறிய விளக்கும் பெயர் தெரியாத கியரும் குவிந்துகிடக்கும். அங்கே உத்தரவாதம் கிடையாது, ரசீதும் பெரும்பாலும் கிடையாது. காலிப்பரும் பாகத்தின் எண்ணும் கையில் உள்ளவருக்கு அது சுரங்கம், மற்றவருக்கு வேடிக்கை.

பணம் கொடுக்கல் வாங்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் நேரில் பாராமல் தொலைவிலிருந்து வாங்கியதை, கைக்கு வந்த பதினான்கு நாளுக்குள் வேண்டாமென்று சொல்லச் சட்டம் இடம் தருகிறது. பூட்டிப் பார்த்த பிறகு தகராறுதான். செப்பனிட்ட பாகத்துக்குப் பழையதை மாற்றாகக் கேட்பார்கள், அதுவரை ஒரு முன்பணம் பிடித்துவைப்பார்கள். நம்முடைய பழையது அசலாகவும் வருவது நகலாகவும் இருந்தால் அந்தப் பேரத்தில் இறங்குவதைவிட, நம்முடையதையே அனுப்பிச் செப்பனிடச் செய்வது மேல். வெளிநாட்டார் இறக்குமதி வரியைக் கணக்கிட்டுக்கொண்ட பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

இந்த வியாபாரம் ஒருவழிப் பாதையன்று. மோரிஸ் மைனருக்கென்றே பாத் நகரில் 1976இல் ஒரு நிலையம் தொடங்கிய சார்லஸ் வேர், அந்த வண்டிகள் தெருவெங்கும் ஓடிக்கொண்டிருந்த இலங்கையில் உடற்தகடுகளைச் செய்விக்க ஏற்பாடு செய்தார்; சிங்களத் தொழிலாளர் அடித்த தகடுகள் இங்கிலாந்தின் மைனர்களில் ஏறின. உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையின் நேர்வாரிசு. பிறந்த நாட்டில் ஆக்ஸ்ஃபோர்டு மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் தகடுகளும் சஸ்பென்ஷனும் வங்காளத்தில் புதிதாகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த, டிரையம்பின் வழிவந்த ஹெரால்டுக்கு, யந்திரத்துக்கும் பிரேக்குக்கும் வேண்டியவை இங்கிலாந்தின் டிரையம்ப் கடைகளிலிருந்து இன்றும் பெட்டியில் வந்துவிடுகின்றன. ஆனால் நம்மவர்கள் குடும்பத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த வண்டியில் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு பிறந்ததே இல்லை. ஆகையால் அதன் பின்கதவுக்கு லிங்கனிலும் இல்லை, போலியூவிலும் இல்லை. அது வேண்டியவர் நம்மூரிலேயே உடைந்த வண்டியொன்றைத் தேட வேண்டும், அல்லது பழைய கதவை டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துச் சென்று அடிப்பாகத்தைப் புதுத் தகட்டில் அடித்து வாங்க வேண்டும்.